ஒரு ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது: வீட்டில் பழுதுபார்க்கும் நாள்களில் நான்கு சக்கர இயக்க வண்டி

ஜிப்ஸி, பழைய ஜீப், லேண்ட் ரோவர் போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளை வைத்திருப்பவர்களில் பலர் அவற்றை வீட்டு வாசலிலேயே பழுதுபார்க்கிறார்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டு) கிராஸ், அதாவது அதன் முனையிலுள்ள சிலுவை வடிவ மூட்டு, தேய்ந்துபோய், கழற்றிய ஷாஃப்ட் லேத் பட்டறையில் கிடக்கும்போதும், உதிரிபாகம் வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கும்போதும், அதுவரை வண்டியை நிறுத்தியே வைக்க வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது. பகுதிநேர நான்கு சக்கர இயக்கம் (தேவைப்படும்போது மட்டும் லீவரால் நான்கு சக்கரத்துக்கும் மாற்றிக்கொள்வது) உள்ள வண்டியாக இருந்து, பழுது ஒரே ஓர் ஆக்சிலின் பக்கம் மட்டும் இருந்தால், அந்தப் பக்கத்து ஷாஃப்ட்டை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, மற்ற ஆக்சிலை மட்டும் கொண்டு சில நாள்கள் நிதானமாக ஓட்ட முடியும். ஆனால் இதை எல்லா வண்டியிலும் செய்ய முடியாது; எல்லாப் பழுதுக்கும் செய்யவும் கூடாது. இந்த வேலைக்குப் புதியவர்களுக்காக, எப்போது செய்யலாம், எப்படிச் செய்ய வேண்டும், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஷாஃப்ட்டைக் கழற்றுவது எட்டு நட்டுகளைக் கழற்றும் வேலைதான். அதில் பெரிய நுட்பம் இல்லை. கழற்றிய பிறகு இரண்டு கேள்விகளுக்கு உங்களிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். ஷாஃப்ட் இல்லாதபோதும் எந்தெந்த உறுப்புகள் தொடர்ந்து சுழல்கின்றன? வண்டி நிற்கும்போது அதை உருளவிடாமல் பிடித்திருப்பது எது? இவ்விரண்டையும் யோசிக்காமல் தொடங்குபவர்களுக்குத்தான் ஆபத்து நேர்கிறது.

சுழற்சி போகும் வழி

இஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸ் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு ஷாஃப்ட் பின் ஆக்சிலுக்கும் இன்னொன்று முன் ஆக்சிலுக்கும் போகின்றன. ஒவ்வொரு ஆக்சிலின் நடுவிலும் உள்ள டிஃபரன்ஷியல், அதாவது பினியன் என்ற சிறிய பல்சக்கரமும் அது சுழற்றும் கிரௌன் என்ற பெரிய பல்சக்கரமும் உள்ள கிரௌன் பினியன் தொகுதி, அந்தச் சுழற்சியை இடப்புற, வலப்புறச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தருகிறது. பகுதிநேர இயக்கமுள்ள வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸின் லீவர் 2எச் நிலையில் இருந்தால் பின் ஷாஃப்ட் மட்டும் இயங்கும். 4எச் நிலையில் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழலும். 4எல் என்பது அதே பூட்டுடன், இழுவிசையை மேலும் பெருக்கித் தரும் தாழ்ந்த கியர்.

இந்தியாவில் 1985இல் அறிமுகமான மாருதி ஜிப்ஸியை இந்தக் கட்டுரைக்கு முக்கிய எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன், ஏனெனில் அதன் அமைப்பைக் குனிந்து பார்த்தே புரிந்துகொள்ளலாம். அதில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிராமல் தனியே பின்னால் தொங்குகிறது. ஆகவே மொத்தம் மூன்று ஷாஃப்ட்டுகள் உண்டு. கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் இணைக்கும் குட்டை ஷாஃப்ட் ஒன்று, முன்னே போவது ஒன்று, பின்னே போவது ஒன்று. குட்டை ஷாஃப்ட்டின் கிராஸ் போய்விட்டால் இரண்டு ஆக்சிலுக்கும் சுழற்சி கிடைக்காது. அந்த நிலையில் தற்காலிக ஏற்பாடு என்று எதுவும் இல்லை, பழுதை நீக்கிய பிறகே வண்டி நகர வேண்டும். முன் ஷாஃப்ட்டிலோ பின் ஷாஃப்ட்டிலோ உள்ள பழுதுக்குத்தான் இங்கே சொல்லப்போகும் வழி பொருந்தும்.

எந்தப் பழுதுக்குச் செய்யலாம்

கிராஸ் தேய்ந்திருப்பது, ஷாஃப்ட்டின் நடுவிலுள்ள ஸ்பிளைன் (நீண்டு சுருங்க இடம் தரும் பல் இணைப்பு) ஆடுவது, ஷாஃப்ட் வளைந்திருப்பது, இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள நீள வண்டிகளில் சென்டர் பேரிங் போயிருப்பது ஆகியவை ஷாஃப்ட்டுக்குள்ளேயே முடிந்துவிடும் பழுதுகள். ஷாஃப்ட்டைக் கழற்றினால் பழுதும் அதோடு வெளியே வந்துவிடுகிறது. இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் இரண்டு துண்டையும் கழற்றிவிட வேண்டும்; முன்துண்டைச் சென்டர் பேரிங்கில் தொங்கவிட்டு ஓட்டலாம் என்று நினைக்கக் கூடாது.

டிஃபரன்ஷியலுக்குள் உள்ள பழுது வேறு வகையைச் சேர்ந்தது. புதியவர்கள் பலர், பின் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் பின் ஆக்சில் ஓய்வெடுக்கும் என்று நம்புகிறார்கள். உண்மையில் சக்கரங்கள் தரையில் உருளும்வரை ஆக்சில் ஷாஃப்ட்டுகள் (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் தண்டுகள்) சுழலும். அவை கிரௌனைச் சுழற்றும். கிரௌன் பினியனைச் சுழற்றும். இஞ்சினின் பாரம் மட்டுமே நீங்கியிருக்குமே தவிர, பேரிங்குகளும் பற்களும் முன்போலவே ஓடிக்கொண்டிருக்கும். எனவே கிரௌன் பினியனின் பல் உடைந்திருந்தாலோ, பேரிங் நொறுங்கியிருந்தாலோ, ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பாதுகாப்பு ஆகாது. உடைந்த ஒரு துண்டு பற்களுக்கு நடுவே சிக்கினால் ஓடும் வண்டியின் பின் சக்கரங்கள் திடீரென்று இறுகிவிடும்.

இதைக் கண்டறிய, டிஃபரன்ஷியலின் ஆயிலைச் சுத்தமான தட்டில் வடித்துப் பாருங்கள். வடிகால் நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசைபோன்ற மெல்லிய இரும்புத்தூள் ஒட்டியிருப்பது இயல்பானது. விரலில் நெருடும் சில்லுகளோ பல்லின் துண்டுகளோ வந்தால் வண்டியை நகர்த்தக் கூடாது.

முன் டிஃபரன்ஷியலில் இதே பழுது என்றால் நிலைமை எளிது. ஜிப்ஸி போல ஃப்ரீ வீல் ஹப் உள்ள வண்டியில், இரண்டு முன் ஹப்புகளையும் விடுவித்துவிட்டால் சக்கரங்கள் ஆக்சில் ஷாஃப்ட்டிலிருந்து பிரிந்து தாமாக உருளும். உள்ளே கிரௌனும் அசையாது. ஹப்பில் இந்த வசதி இல்லாமல் நிலையான இணைப்பு உள்ள பழைய ஜீப்புகளில், 2எச்சில் ஓட்டினாலும் முன் ஆக்சிலின் உட்பாகங்கள் எப்போதும் சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

ஆக்சில் ஷாஃப்ட் முறிந்திருந்தால், அது எந்த வகை ஆக்சில் என்று தெரிந்தாக வேண்டும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் பின் ஆக்சிலில் வண்டியின் எடையை ஹப்பும் ஆக்சில் குழாயும் தாங்குகின்றன; ஆக்சில் ஷாஃப்ட் சுழற்சியை மட்டுமே கடத்துகிறது. ஆகவே அதை உருவிவிட்டு, ஹப்பின் வாயை ஆயில் வெளியேறாமலும் தூசி புகாமலும் மூடி, சக்கரத்தை உருள விடலாம். ஜிப்ஸியின் பின் ஆக்சிலில் சக்கரமே ஆக்சில் ஷாஃப்ட்டின் நுனியில்தான் நிற்கிறது. அதை உருவினால் சக்கரமும் கூடவே வந்துவிடும். முறிந்த ஷாஃப்ட்டோடு ஓட்டினால் சக்கரம் தனியே கழன்று ஓடக்கூடும். இந்தப் பழுதுக்கு வண்டியை மேடையுள்ள லாரியில் ஏற்றிச் செல்வது ஒன்றே வழி.

செய்யக் கூடாத வண்டிகள்

தேவைப்படும்போது தானாகவே நான்கு சக்கரத்துக்கு மாறிக்கொள்ளும் நவீனக் கார்களிலும் எஸ்.யூ.வி.களிலும் இந்த முறையைப் பின்பற்ற வேண்டாம். அவற்றில் ஒரு பக்கத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் கிளட்ச் தொகுதியாகவோ பிசுபிசுப்பான திரவம் நிறைந்த கப்ளிங்காகவோ இருக்கும். சிறிது நேரம் சிறிது பாரம் சுமக்க அமைந்த அந்த உறுப்பு, முழு வண்டியையும் தனியாக இழுக்க நேர்ந்தால் சூடேறிக் கருகிவிடும். ஷாஃப்ட்டில் மிச்சம் பிடிக்கப் போய் டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்ற வேண்டிவரும். ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் இறுகாமல் தடுப்பது), ஈ.எஸ்.பி. (வண்டி சறுக்காமல் காப்பது) உள்ள வண்டிகளில், பகுதிநேர இயக்கம் கொண்டவையாக இருந்தாலும், எச்சரிக்கை விளக்குகள் எரிவதற்கும் அந்தப் பாதுகாப்பு வசதிகள் செயலிழப்பதற்கும் வாய்ப்புண்டு. தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்க்காமல் தொடக் கூடாது.

முன் சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே அசையும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. முன் சக்கரத்துக்குப் போகும் பக்க ஷாஃப்ட்டை முழுவதுமாக உருவிவிட்டுச் சக்கரத்தை மாட்டி ஓட்டக் கூடாது. ஷாஃப்ட்டின் வெளி நுனியும் அதன் பெரிய நட்டும்தான் பல வண்டிகளில் வீல் பேரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த நுனி இல்லாமல் உருட்டினால் பேரிங் பிரிந்துவிடும்.

கழற்றுவதற்கு முன் இயங்கப்போகும் ஆக்சிலைச் சோதியுங்கள்

முன் ஷாஃப்ட்டைக் கழற்றிப் பின் சக்கரங்களால் ஓட்டுவது பெரிய விஷயமில்லை. அது வண்டி தினமும் ஓடும் முறைதான். லீவரை 2எச்சில் வைத்து, ஹப்புகளை விடுவித்தால் போதும். சிக்கல் எல்லாம் பின் ஷாஃப்ட்டைக் கழற்றி முன் சக்கரங்களால் ஓட்டுவதில்தான் இருக்கிறது. மாதக்கணக்கில், சில வண்டிகளில் ஆண்டுக்கணக்கில், பயன்படாமல் கிடந்த முன் ஆக்சில் இப்போது வண்டி முழுவதையும் இழுக்கப்போகிறது. ஆகவே பின் ஷாஃப்ட்டில் கை வைப்பதற்கு முன்பே முன் ஆக்சிலைச் சோதித்துவிட வேண்டும்.

முன் டிஃபரன்ஷியலின் ஆயில் அளவையும் நிறத்தையும் பாருங்கள். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதை வடித்துவிட்டு, கையேடு சொல்லும் தரத்தில் புது ஆயில் ஊற்ற வேண்டும். ஸ்டியரிங் நக்கிள் (முன் சக்கரம் திரும்பும் மூட்டு) அருகே கிரீஸோ ஆயிலோ கசிகிறதா என்று கவனியுங்கள். ஹப்புகள் இரண்டும் தடையில்லாமல் பூட்டுகின்றனவா, விடுகின்றனவா என்பதைக் கையால் திருப்பிப் பாருங்கள். பிறகு மண் தரையில், பின் ஷாஃப்ட் மாட்டியிருக்கும்போதே, 4எச் போட்டு மெல்ல ஓட்டி, ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பும்போது முன் சக்கரத்திலிருந்து டக் டக்கென்று ஓசை வருகிறதா என்று கேளுங்கள். ஓசை வந்தால் முன் ஜாயிண்ட் (சக்கரம் திரும்பிய நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதன்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றுவது அறிவுடைமை ஆகாது.

இரண்டு ஹப்பும் பூட்டியிருக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சாதாரண டிஃபரன்ஷியல், எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கம் சுழன்றுவிடும். ஒரு ஹப் பூட்டி மற்றது விடுபட்டிருந்தால், விடுபட்ட பக்கத்து ஆக்சில் ஷாஃப்ட் வீணாகச் சுழலும். வண்டி ஓர் அங்குலமும் நகராது. இஞ்சின் உறுமியும் வண்டி அசையவில்லை என்று பதறுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

நிறுத்திப் பிடிப்பது எது

இந்தப் பகுதியை இருமுறை படியுங்கள். வண்டியைக் கியரில் போட்டு நிறுத்தினால் அது உருளாது என்ற பழக்கம் நமக்கு ஊறியிருக்கிறது. ஆனால் கியர் பிடிப்பது ஷாஃப்ட் வழியாகத்தான். 2எச் நிலையில் பின் ஷாஃப்ட்டைக் கழற்றிய அந்தக் கணத்திலேயே, முதல் கியரில் நின்றாலும், தானியங்கி கியர்பாக்ஸ் பி நிலையில் இருந்தாலும், கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் எந்தத் தொடர்பும் இராது. சரிவில் நிற்கும் வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு கடைசிப் போல்ட்டை உருவுகிறவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஹேண்ட் பிரேக்கும் எல்லா வண்டிகளிலும் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளிலும் லேண்ட் ரோவர்களிலும், டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையில் உள்ள டிரம்மைத்தான் ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது. பின் ஷாஃப்ட் போனதும் அந்த டிரம்முக்கும் பின் சக்கரத்துக்கும் தொடர்பு போய்விடும். உங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் கேபிள் எங்கே போய் முடிகிறது என்பதை அடியில் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

சமதளமான, கெட்டியான தரை வேண்டும். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஆக்சிலுக்கு அடியிலோ சேஸிஸுக்கு அடியிலோ ஜாக் ஸ்டாண்டுகள் வேண்டும். அடுக்கிய செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் உடைபவை. அவற்றை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. கழற்றிய ஸ்டெப்னியைச் சேஸிஸுக்கு அடியில் படுக்க வைப்பது கூடுதல் பாதுகாப்பு. ஜிப்ஸி போல உயரமான வண்டியில், தூக்காமலேயே அடியில் புகுந்து ஷாஃப்ட்டைக் கழற்றிவிட முடியும் என்றால் அதுவே மேலானது. ஷாஃப்ட்டைச் சற்றே திருப்பினால்தான் சில நட்டுகள் கைக்கு எட்டும். அதற்காக ஒரே ஒரு பின் சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து விடுவித்தால் போதும்.

கழற்றும் வேலை

நட்டுகளின் மேல் முந்தின நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து வையுங்கள். மறுநாள் இரும்பு பிரஷ்ஷால் ஃபிளான்ஜுகளைத் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டுகள்) துடைத்துவிட்டு, ஷாஃப்ட்டின் ஃபிளான்ஜ், அது சேரும் ஃபிளான்ஜ் இரண்டின் மேலும் குறுக்கே ஒரு கோடு வெள்ளைப் பெயின்ட்டால் போடுங்கள். இதை இரு முனைகளிலும் செய்ய வேண்டும். நடுவில் நீளும் ஸ்பிளைன் பகுதியிலும் இரு துண்டின் மேலும் படும்படி ஒரு கோடு வேண்டும். ஷாஃப்ட் சமனிலை பார்த்துப் பொருத்தப்பட்டது. ஸ்பிளைன் ஒரு பல் தவறிப் பூட்டப்பட்டால் இரு முனைக் கிராஸ்களைப் பிடித்திருக்கும் கவைகளும் (இரட்டைக் கொம்புகள்) ஒரே தளத்தில் நிற்காமல் போய், வண்டி ஓடும் வேகத்தில் அதிர்வு எழும். அந்த அதிர்வு புதுக் கிராஸையும் பினியன் பேரிங்கையும் சீக்கிரமே தின்றுவிடும்.

டிஃபரன்ஷியல் பக்கத்து நான்கு போல்ட்டுகளை முதலில் கழற்றி, அந்த முனையைக் கயிற்றால் சேஸிஸில் கட்டிவிட்டு, பிறகு டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் போங்கள். ஷாஃப்ட்டின் எடை முழுவதும் ஒரு கிராஸில் தொங்கினால் நல்ல கிராஸும் கெடும். ஃபிளான்ஜ் இல்லாமல் கிராஸை நேரடியாகப் பட்டையால் பிடித்திருக்கும் வண்டிகளில், கழன்றவுடன் கப்புகள் (கிராஸின் நுனிகளை மூடியிருக்கும் கிண்ணங்கள்) விழுந்து உள்ளேயிருக்கும் ஊசி உருளைகள் சிதறும். அவற்றை உடனே டேப்பால் சுற்றிவிட வேண்டும். பினியன் ஃபிளான்ஜின் நடுவே உள்ள பெரிய நட்டை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். பல வண்டிகளில் பினியன் பேரிங்கின் இறுக்கம் அந்த நட்டில்தான் இருக்கிறது.

சில வண்டிகளில் ஷாஃப்ட்டின் நுனி டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளேயே செருகி நிற்கும். அமெரிக்காவில் பெருவாரியாக ஓடிய ஜீப் செரோக்கியும் பழைய ரேங்ளர்களும் இந்த வகை. அவற்றின் பின் ஷாஃப்ட்டை உருவினால் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயில் அந்தத் துளை வழியே கொட்டிவிடும். சரியான மூடியோ, வெட்டியெடுத்த ஒரு பழைய ஷாஃப்ட் முனையோ பொருத்தாமல் வண்டியை ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் வறண்டு எரியும். ஜிப்ஸியில் இரு முனைகளிலும் ஃபிளான்ஜ் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

முன் சக்கரங்களால் ஓட்டும்போது

ஹப்புகளைப் பூட்டி, லீவரை 4எச்சில் தள்ளுங்கள். தார்ச்சாலையில் 4எச் போடக் கூடாது என்று கற்றவர்கள் இங்கே தயங்குவார்கள். அந்த விதி, முன்னும் பின்னும் பூட்டப்பட்ட நிலையில் வளைவில் திரும்பும்போது இரண்டு ஆக்சில்களும் வேறுவேறு வேகத்தில் போக முயன்று ஒன்றையொன்று முறுக்குவதால் ஏற்பட்டது. இப்போது பின் ஷாஃப்ட்டே இல்லை. எதிர்த்து முறுக்க எதுவும் இல்லாததால் காய்ந்த தார்ச்சாலையிலும் 4எச்சில் தாராளமாக ஓட்டலாம். 4எல் மட்டும் வேண்டாம். தாழ்ந்த கியரின் பெருகிய இழுவிசை முழுவதையும் முன் ஜாயிண்ட்டுகள் இரண்டே தாங்க வேண்டியிருக்கும்.

வண்டியை நிறுத்தும்போதும் 4எச்சிலேயே, முதல் கியரில், ஹப்புகளைப் பூட்டியபடியே விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். யாராவது தெரியாமல் லீவரை 2எச்சுக்கோ நியூட்ரலுக்கோ தள்ளினால் கியரின் பிடி உடனே போய்விடும். வீட்டில் வேறு யாரேனும் வண்டி ஓட்டுவார்கள் என்றால், லீவரில் ஓர் அட்டையைக் கட்டி, "2எச் போடாதே" என்று எழுதி வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஓட்டும் சுபாவமும் மாறும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் ஸ்டியரிங் கையில் இழுப்பதை உணர்வீர்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிய நிலையில் முன் ஜாயிண்ட்டுகள் அதிகச் சாய்வில் சுழல்கின்றன. அந்த நிலையில் இஞ்சினை முறுக்கினால் அவை உடையும். திருப்பம் முடிந்து சக்கரம் நேரானபின் வேகம் கொடுக்கப் பழக வேண்டும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. ஒவ்வொன்றிலும் முழுத் திருப்பத்தோடு ஏற்றமும் சேர்ந்து வருகிறது. இப்படிப்பட்ட பாதையில் முன் சக்கர இயக்கத்தோடு போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏற்றத்தில் வண்டியின் எடை பின்பக்கம் சாய்கிறது. இழுக்கும் முன் சக்கரங்களின்மேல் எடை குறைந்து, ஈரமான சாலையிலும் சரளைக்கல்லிலும் அவை எளிதில் வழுக்கும். இறக்கத்தில் இஞ்சின் பிரேக்கிங் முன் சக்கரங்களில் மட்டும் விழுவதால், மழையில் கியரைச் சட்டென்று குறைத்தால் அவை பிடியை இழந்து ஸ்டியரிங் வேலை செய்யாமல் போகலாம். கால் பிரேக் மட்டும் நான்கு சக்கரத்துக்கும் முன்போலவே உண்டு, ஏனென்றால் அதற்கும் ஷாஃப்ட்டுக்கும் தொடர்பில்லை.

ஆகவே சமவெளியில், காய்ந்த சாலையில், பாரம் ஏற்றாமல், வேறு எதையும் இழுக்காமல், மிதமான வேகத்தில் கடைக்கும் பட்டறைக்கும் வேலைக்கும் போய்வருவதற்கு மட்டுமே இந்த ஏற்பாடு. ஆற்றுமணல், சேறு, தோட்டத்துப் பாதை எதுவும் வேண்டாம். நான்கு சக்கர இயக்கம் என்ற பெயர் வண்டியின் பின்னால் ஒட்டியிருந்தாலும், இப்போது உங்களிடம் இருப்பது இரண்டு சக்கர இயக்கம்தான்.

முதல் ஓட்டத்தை வீட்டுக்கு அருகிலேயே முடித்துக்கொண்டு, இறங்கி முன் ஹப்புகளையும் முன் டிஃபரன்ஷியலையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு சரியில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனை ஃபிளான்ஜைச் சுற்றிப் புதிதாக ஆயில் கசிகிறதா என்றும் பாருங்கள். குறை இருப்பது தெரிந்தே ஆபத்தான நிலையிலுள்ள வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுவது இந்திய மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 190ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆடும் கிராஸோடு ஓட்டுவதைவிட ஷாஃப்ட்டைக் கழற்றிவிடுவது பாதுகாப்பு என்றாலும், பிரேக்கும் பார்க்கிங் பிடிப்பும் முழுமையாக இல்லாத வண்டி தெருவுக்கு வரக் கூடாது.

பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வைத்திருப்பவர்களுக்கு

இந்த வண்டிக்கு 2எச் என்ற நிலையே இல்லை. எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நடு டிஃபரன்ஷியல் ஒன்று உண்டு. ஒரு ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு அப்படியே ஓட்ட முயன்றால், நடு டிஃபரன்ஷியல் சுழற்சி முழுவதையும் எதுவும் மாட்டாத வெற்று முனைக்கே அனுப்பிவிடும். ஆகவே நடு டிஃபரன்ஷியலின் லாக்கைப் போட்டபடியேதான் ஓட்ட வேண்டும். லாக் உண்மையில் விழுகிறதா என்பதை, ஷாஃப்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே மண் தரையில் சற்று நகர்த்தி, டாஷ்போர்டு விளக்கு எரிகிறதா என்று பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பல ஆண்டு தொடாத லாக்குகள் துருப்பிடித்து இறுகியிருக்கும்.

இதில் ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையைப் பிடிப்பதால், பின் ஷாஃப்ட் இல்லாத நிலையில் லாக் போட்டிருந்தால்தான் அந்தப் பிடி முன் ஷாஃப்ட் வழியாக முன் சக்கரங்களுக்குப் போய்ச் சேரும். லாக்கை எடுத்துவிட்டால் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்திருந்தாலும், கியர் நியூட்ரலில் இருந்தால் வண்டி உருளும். லாக் போட்டிருந்தாலும், ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கினால் அது சுழல்வதற்கு வழி கிடைத்து, மற்ற முன் சக்கரத்தின் பிடியும் போய்விடும். பஞ்சர் ஆனால் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள். ஷாஃப்ட்டின் நட்டுகளுக்கு 9/16 அங்குல ஸ்பானர் தேவை. திரும்பப் பூட்டும்போது 47 நியூட்டன் மீட்டர் இறுக்கம் கொடுக்க வேண்டும்.

கிராஸ் மாற்றுவதும் ஷாஃப்ட்டைத் திரும்ப மாட்டுவதும்

கிராஸின் நான்கு சர்கிளிப்புகளையும் (கப்புகளைப் பூட்டியிருக்கும் வளையங்கள்) எடுத்துவிட்டு, வைஸில் வைத்து, ஒரு பக்கம் கப்பைவிடச் சிறிய சாக்கெட்டும் மறுபக்கம் கப் நுழையும் அளவுள்ள பெரிய சாக்கெட்டும் கொடுத்து, மெல்ல அழுத்தினால் பழைய கப்புகள் வெளியே வரும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் கவை விரிந்துவிடும். புதுக் கிராஸைப் பொருத்தும்போது ஊசி உருளைகள் கிரீஸில் ஒட்டி நேராக நிற்கின்றனவா என்று ஒவ்வொரு கப்பிலும் பாருங்கள். ஒன்று குறுக்கே விழுந்தாலும் சர்கிளிப் அதன் பள்ளத்தில் உட்காராது. அப்போது பலவந்தம் செய்யாமல் பிரித்துப் பார்க்க வேண்டும். கிரீஸ் நிப்பிள், ஷாஃப்ட்டை மாட்டிய பிறகும் கிரீஸ் கன் எட்டும் திசையில் இருக்கட்டும். நான்கு கப்புகளின் ஓரங்களிலும் கிரீஸ் பிதுங்கும்வரை அடியுங்கள். கையால் அசைத்தால் எந்தத் திசையிலும் இறுகிப் பிடிக்காமல் ஒரே சீராகத் திரும்ப வேண்டும்.

ஷாஃப்ட்டை மாட்டும்போது முன்பு போட்ட வெள்ளைக் கோடுகளை நேர்கோட்டில் கொண்டுவாருங்கள். பூட்டு நட்டுகள் ஒருமுறை கழற்றியபின் பிடிப்பை இழப்பதால் புதியவற்றையே போடுங்கள். கையேட்டில் உங்கள் வண்டிக்குக் குறிப்பிட்ட இறுக்கத்தை டார்க் ரெஞ்ச்சால் கொடுங்கள்.

எட்டாவது நட்டும் இறுகியவுடன், வண்டியை நகர்த்துவதற்கு முன், லீவரை 2எச்சுக்குக் கொண்டுவந்து, இரண்டு ஹப்புகளையும் விடுவியுங்கள். டிஃபெண்டர் என்றால் நடு லாக்கை எடுத்துவிடுங்கள். சில நாள் 4எச்சிலேயே ஓட்டிப் பழகியவர்கள் இதை மறந்து தார்ச்சாலைக்கு வந்துவிடுகிறார்கள். இப்போது இரண்டு ஷாஃப்ட்டும் மாட்டியிருப்பதால் முன்பு சொன்ன முறுக்கம் திரும்ப வந்துவிடும். புதிதாகப் போட்ட கிராஸ் முதல் நாளிலேயே அடி வாங்கும். லீவர் 2எச்சுக்கு வர மறுத்தால், சற்றுப் பின்னோக்கி நகர்த்தினால் முறுக்கம் தளர்ந்து இறங்கும். அன்றைய ஓட்டம் முடிந்ததும் வண்டி ஆறிய பிறகு எட்டு நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்து, லீவரில் கட்டிய அட்டையை அவிழ்த்துவிடுங்கள்.